முத்துராசின் வெள்ளி ஹெட்போன்

1. எழவு வீடு

மைக்செட் தொழிலில் என் முதல் நாள் திட்டு வாங்குவதில் தொடங்கியது. வண்டியூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், வேப்பமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒரு பாட்டு முடிந்ததும் இசைத்தட்டை எடுத்து உறையில் போட்டு, அடுத்த தட்டைத் துடைத்து வைத்து, முள்ளை இறக்க வேண்டும். அதுவரை பந்தலில் பேச்சு மூச்சு இருக்காது. பிள்ளையின் தகப்பனார் பந்தியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏய்யா, பாட்டுக்குப் பாட்டு நடுவுல எழவு வீடு மாதிரி கெடக்கு. வந்த சனம் எந்திரிச்சுப் போயிரும்யா.”

என் கூட்டாளி முத்துராசுதான், “இந்தா வந்துருச்சுண்ணே, நீங்க பந்தியைப் பாருங்க” என்று சிரித்துச் சமாளித்து அவரை அனுப்பினான்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். தறியும் சாயமுமாக இருந்த குடும்பத்தில் நான் மட்டும் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு ரேடியோ ரிப்பேருக்குப் போனவன். முத்துராசு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தான். புடவையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி விற்பான். வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். நல்ல உயரம், சுருட்டை முடி. என் கைவேலையையும் அவன் வாயையும் நம்பி இருவரும் சேர்ந்து சவுண்ட் சர்வீஸ் தொடங்கினோம். எழுபதுகளின் பிற்பாதி அது.

அந்தத் திட்டுக்குப் பிறகு இன்னொரு பிளேயர் வாங்கினோம். இரண்டுக்கும் நடுவில் நானே ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்தேன். சுவிட்சைத் தள்ளினால், அடுத்து வரப்போகும் பாட்டு ஹெட்போனில் மட்டும் கேட்கும். தட்டில் பாட்டு தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடுகிற பாட்டு முடியும்போது நழுவாமல் மாற்றிவிடலாம். இன்றைக்கு இதைச் செய்கிறவரை டி.ஜே. என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் அவர் “ரிக்கார்டு போடுற தம்பி”, அவ்வளவுதான்.

பெட்டி தயார். ஹெட்போன்தான் இல்லை.

2. கறுப்பும் வெள்ளியும்

டவுன்ஹால் ரோட்டைத் தொட்டுப் போகும் ஒரு சந்தில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார் ஒரு பாய். கூலிங்கிளாஸ் மாட்டிப் பார்ப்பதற்காகக் கடையில் பெரிய கண்ணாடி தொங்கும். எங்கள் தேவையைச் சொன்னதும் இரண்டு ஹெட்போனை எடுத்து வைத்தார்.

ஒன்று கறுப்பு. காதை முழுசாக மூடும் தடித்த தோல் மெத்தை, நல்ல கனம். “கப்பல்ல இஞ்சின் ரூம்ல வேலை பாக்குறவரு கொண்டாந்த மாலு தம்பி. மாட்டுனா வெளிய இடி விழுந்தாலும் கேக்காது” என்றார்.

இன்னொன்று வெள்ளி நிறம். தலைமேல் வளைந்து போகும் மெல்லிய எஃகுப் பட்டை. காதில் சிவப்பு ஸ்பான்ச். கையில் வைத்தால் கனமே தெரியவில்லை.

முத்துராசு முதலில் கறுப்பை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

“மாப்ள, ரெண்டு காதுலயும் பன்னு ரொட்டிய வச்சுக் கட்டுன மாதிரி இருக்குடா. சித்திர வெயில்ல இத மாட்டிக்கிட்டு நிக்க முடியுமா?”

பிறகு வெள்ளியை மாட்டினான். தலையை இப்படி ஒரு சாய்ப்பு, அப்படி ஒரு சாய்ப்பு. வாசலில் நின்றிருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதையும் அவன் கண்ணாடியிலேயே கவனித்துவிட்டான்.

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பாட்டும் கேட்டது, சந்தில் போன ரிக்‌ஷாக்காரர் மணியும் கேட்டது, பாய் தும்மியதும் கேட்டது.

“வெளிச் சத்தம் அம்புட்டும் உள்ள வருதுடா. குழாய்க்குப் பக்கத்துல நின்னா அடுத்த பாட்டு எப்படிக் கேக்கும்?”

“வால்யூமைக் கூட்டிக்கிறேன். அம்புட்டுத்தான?” என்றான். “இங்க பாரு மாப்ள. கடையில பொம்மைக்குப் பட்டுக் கட்டித்தான வாசல்ல வைக்கிறாய்ங்க. அதே பட்ட மூட்டையாக் கட்டி வச்சா ஒருத்தனும் படியேற மாட்டான். நம்ம தொழிலும் அப்படித்தான்.”

பாய் இரண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டும் நல்ல மாலுதான். மாட்டப்போறது அவரு தலை. அவருக்குப் பிரியமானத வாங்கிக் குடுத்துருங்க தம்பி.”

இரண்டையும் வாங்க எங்களுக்கு வசதியில்லை. வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தோம். ‘வால்யூமைக் கூட்டிக்கிறேன்’ என்ற பேச்சில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அந்தக் கடையில் நின்ற மூன்று பேருக்கும் தெரியாது.

3. “அந்த அண்ணன் வரலையா?”

அழகு முக்கியமா, இல்லையா என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. முக்கியம்தான். என் கண்ணால் பார்த்தேன்.

அதுவரை மைக்செட்காரன் என்றால் பந்தலுக்குப் பின்னால், சமையல் புகைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். முத்துராசு மேஜையை மேடைக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னான். வெள்ளைச் சட்டை, பெல்பாட்டம். ஹெட்போனின் ஒரு பக்கம் காதில் இருக்கும். அதைத் தோளால் அமுக்கிக்கொள்வான், மறுபக்கம் காதுக்குப் பின்னால் தள்ளியிருக்கும். பாட்டு மாறப்போகும் நேரத்தில் ஒரு விரலைத் தூக்குவான். விரல் இறங்கும்போது அடுத்த பாட்டு விழும். இளவட்டங்கள் அந்த விரலுக்காகவே காத்திருந்து ஆடுவார்கள். கல்யாணம் பேச வருகிறவர்கள் என்னிடம் ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட்ஸ் என்று கேட்டதில்லை. “வெள்ளியா ஒண்ணு தலையில மாட்டிக்கிட்டு நிப்பாருல்ல, அந்தத் தம்பிதான வருவாரு?” என்றுதான் கேட்பார்கள்.

ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல். மதுரைக்குள்ளேயே ஒரு வரவேற்பு. நான் போனேன். அதே தட்டுகள், அதே பெட்டி, அதே வெள்ளி ஹெட்போன். ஒரு பாட்டும் நழுவவில்லை. ஆனால் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மாப்பிள்ளையின் தம்பி என் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான்.

“அண்ணே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ ரேசன் கடையில வரிசையில நிக்கிற மாதிரியே இருக்குண்ணே. அந்த அண்ணன் வரலையா?”

முத்துராசிடம் சொன்னேன். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வருடங்கள் எங்களுக்கு நல்ல வருடங்கள். அவனுக்குக் கோமதியோடு கல்யாணம் ஆகி, பூங்கொடி பிறந்திருந்தாள். இன்னொரு செட் குழாய் வாங்கினோம், பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினோம். சத்தம் கூடக் கூட, அவன் ஹெட்போனிலும் வால்யூம் கூடிக்கொண்டே போனது.

4. ட்ரெபிள்

ஆம்ப்ளிஃபையரில் பாஸ், ட்ரெபிள் என்று இரண்டு குமிழ் உண்டு. பாஸைக் கூட்டினால் தவில் மாதிரிக் கனத்த சத்தம் எழும்பும். ட்ரெபிளைக் கூட்டினால் சலங்கை, வயலின், பாடகியின் குரல் எல்லாம் கூர்மையாகும். நான் இரண்டையும் நடுவில் வைத்துவிட்டுத்தான் போவேன். திரும்பி வந்து பார்த்தால் ட்ரெபிள் கொஞ்சம் ஏறியிருக்கும். முதலில் கொஞ்சம்தான். பிறகு முக்கால். பிறகு குமிழ் முழுசாகத் திரும்பி நின்றது.

“தகரத்துல ஆணிய வச்சுக் கீறுற மாதிரி இருக்குப்பா” என்று ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நான் குமிழைக் குறைத்தேன். முத்துராசுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எதுக்குக் கொறைக்கிற? சவுண்டு செத்துப்போச்சு. போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு.”

“செவுள்ல அறையுற மாதிரி இருக்குடா.”

“உனக்கு வயசாயிருச்சு மாப்ள.”

அவன் ஸ்டைலுக்காகச் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். கச்சேரிக்குக் கச்சேரி அவன் கூட்டுவதும் நான் குறைப்பதுமாகவே ஓடியது. பேச்சிலும் அவன் சத்தம் கூடியிருந்தது. மேடையில் நிற்கிறவனுக்கு அந்த மிதப்பு வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன்.

5. சோழவந்தான்

சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில், பெண் வயதுக்கு வந்த சடங்கு. உச்சி வெயில். கரண்ட் போய்விட்டதால் நான் பம்ப்செட் கொட்டகை ஓரம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டு ஊர்வலத்தோடு தெருவெல்லாம் நடந்து வந்தார். பந்தல் வாசலுக்கு வந்ததும் தட்டோடு அப்படியே சரிந்து விழுந்தார்.

ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சனம் ஓடுவது தெரிந்துதான் வெளியே வந்தேன். தாய்மாமன் தரையில் கிடந்தார். அவர் மனைவி மேடைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, “பாட்ட நிப்பாட்டுங்க, அய்யோ பாட்ட நிப்பாட்டுங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் குழாய்ச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு கேட்டது.

முத்துராசு அவருக்கு நேர் எதிரே நின்றான். காதில் ஹெட்போன். அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். விரலைத் தூக்கினான். வேகமான பாட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தையும் கூட்டினான்.

யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். ஒரு இளைஞன் மேஜைமேல் ஏறி அவன் கன்னத்தில் அறைந்தான். “மனுசன் உசுருக்குக் கெடக்குறான், சிரிக்கிறியாடா நாயே?” இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் நடுவில் விழுந்து கும்பிட்டு அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். தாய்மாமனைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெயில் மயக்கம்தான், பிழைத்துக்கொண்டார். ஆனால் அது எங்களுக்குத் தெரிய வந்தது பிறகுதான்.

சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வைகைப் பாலத்துக்கு வந்தோம். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“ஏண்டா, அந்தம்மா அந்தக் கத்துக் கத்துது. உனக்குக் காது கேக்கலையா?”

திட்டுவதற்காகத்தான் கேட்டேன்.

“கேக்கல மாப்ள” என்றான்.

உதடு வீங்கியிருந்தது. அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வாய் தெறந்து கைய ஆட்டுனது தெரிஞ்சுச்சு. பாட்டோட சேந்து பாடுதாக்கும்னு நெனச்சேன்” என்றான்.

6. கோமதி சொன்னது

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே படுத்திருந்தான். நடந்ததை அவன் மனைவி கோமதியிடம் சொன்னேன். அடி வாங்கியதைக் கேட்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணே, நெசமாவே கேக்கலையாமா?”

“அப்படித்தான்மா சொல்றான்.”

“ரொம்ப நாளா நான் கூப்பிட்டா அவரு திரும்புறதில்லண்ணே. நீங்க வந்து பேசுனா பேசுறாரு. எங்கப்பா பேசுனா பேசுறாரு. நான் பேசுனாத் திரும்புறதில்ல, பிள்ள பேசுனாத் திரும்புறதில்ல. ஊருப் பொம்பளைக எல்லாம் வேடிக்கை பாக்குற ஆளு, வீட்டுப் பொம்பள சலிச்சுப்போயிட்டேன்னு நெனச்சேன். வேற தொடுப்பு இருக்குமோன்னு உங்ககிட்ட கேக்கக்கூட ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு.” அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினாள். “குக்கர் விசிலப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத் தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா பருப்பு கருகி வீடு பூராம் பொகை. அவரு வாசத் திண்ணையில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அன்னையிலருந்து அவரோட நான் பேசுறதையே கொறைச்சுக்கிட்டேண்ணே.”

முத்துராசு வாசலுக்கு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

“என்ன மாப்ள சொல்றா?”

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். தவில் மாதிரிக் கனத்த சத்தத்துக்கெல்லாம் சரியாகக் கை தூக்கினான். சத்தம் விசில் மாதிரி மெல்லிசாக ஆக ஆகக் கை மடியிலேயே இருந்தது. வெளியில் மிஷினை இயக்கியவர் பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அங்கே சத்தம் ஒன்று ஓடுகிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

“ஆம்பளைக் குரல் கேக்கும். கொலுசு, விசில், பொம்பளைக் குரல், பிள்ளைகள் குரல் இதெல்லாம் ரொம்பக் கொறைஞ்சுபோச்சு” என்றார் டாக்டர். “குழாய்க்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல காதுக்குள்ளயும் சத்தம் வச்சிருக்கீங்க. போனது வராது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கங்க.”

ட்ரெபிள் குமிழ் ஏன் ஏறிக்கொண்டே போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடகியின் குரல் தன்னைவிட்டுப் போகப் போக, அவன் அதைக் குமிழைத் திருப்பித் தேடியிருக்கிறான்.

7. சட்டைப் பை

டாக்டர் காது மிஷின் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். முத்துராசு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டான்.

“செவிடன்னு நெஞ்சுல எழுதி ஒட்டிக்கிட்டுத் திரியச் சொல்றியா மாப்ள?”

நானும் கோமதியும் எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. ஊரெல்லாம் தன்னை நிமிர்ந்து பார்த்த வருடங்களை வாழ்ந்தவனுக்கு அந்த ஒயரை மாட்ட மனம் வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சவுண்ட் சர்வீஸை விட்டுவிட்டுப் பழைய ஜவுளிக்கடைக்கே போனான். புடவைப் பிரிவில் பெண்கள் ஒன்று கேட்க, இவன் வேறொன்றை எடுத்துப் போட்டான். முதலாளி நல்லவர். ஒன்றும் சொல்லாமல் வேட்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே வருகிறவர்கள் ஆண்கள். அவர்கள் பேசுவது கேட்டது.

சோழவந்தான் தாய்மாமன் ஒருநாள் தேடிக்கொண்டு வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அறைந்த பையனையும் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்கவைத்தார். “எம்மக கல்யாணத்துக்கு நீங்கதான்யா ரிக்கார்டு போடணும்” என்று முத்துராசின் கையைப் பிடித்தார். அவன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டான். நான் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன், பிறகு பாய் கடையில் வாங்கிய அந்தக் கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு. யாரும் ஆடவில்லை.

காலம் ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காதுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் சின்ன மிஷின் நம் ஊருக்கும் வந்தது. முடியை வளர்த்து மூடிக்கொள்ளலாம் என்றதும் முத்துராசு சம்மதித்தான். வாங்கி மாட்டிய அன்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். பூங்கொடி அப்போது பாவாடை தாவணிக்கு வந்துவிட்டாள். அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் முதலில் முழங்காலைத் தட்டி, முகத்துக்கு நேராக வந்து, பிறகுதான் வாய் திறப்பாள். அப்படியே பழகிய பிள்ளை.

“அங்கிட்டுத் திரும்பி நின்னு பேப்பரப் படி” என்றான் அவளிடம். அவள் முதுகைக் காட்டி நின்று படித்தாள். விளையாட்டுச் செய்தியோ என்னவோ. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினான்.

“மாப்ள, சின்னப் பிள்ளையில இவ கொரல் எப்படி இருந்துச்சு?”

என்னிடம் டேப்ரிக்கார்டர் இருந்தது. ஊரார் வீட்டுக் கல்யாண வாழ்த்து, நலுங்குப் பாட்டு, அரசியல் கூட்டம் எல்லாம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அந்தப் பிள்ளை ஓடி விளையாடியபோது நான் போகாத வாரமில்லை. அவள் குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“கீச்சுன்னு இருக்கும்டா” என்றேன். “அப்பான்னு சொல்ல வராது. ‘யப்பா’ம்பா.”

“சொல்லு பாப்போம்” என்றான் மகளிடம். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, “யப்பா” என்றாள். அது வளர்ந்த பெண்ணின் குரல்.

அடுப்படியிலிருந்து கோமதி, “அப்படி இல்ல. அது வேற மாதிரி இருக்கும்” என்றாள். எப்படி என்று அவளாலும் சொல்லிக்காட்ட முடியவில்லை.

ஹெட்போன் வாங்கப் போகும் தம்பிகள் கண்ணாடியைப் பாருங்கள், தப்பில்லை. நாலு பேர் முன்னால் நிற்கிறவனுக்கு அழகும் தொழிலில் ஒரு பங்குதான். ஆனால் கடையில் வெளிச் சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று மாட்டிப் பாருங்கள். வருவது அதிகம் என்றால், அதை அமுக்குவதற்கு நீங்கள் வால்யூமைக் கூட்டத்தான் போகிறீர்கள். விலை பேசுவதற்கு முன், உங்கள் வீட்டில் யார் குரல் எல்லோரையும்விட மெல்லிசு என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் போவது அந்தக் குரல்தான்.